சி.எஸ்.ஐ. ஞானஸ்நானம் ஆர்.சி.யில் செல்லுமா? குழந்தைக்கு எங்கே கொடுப்பது?

கேள்வி: நான் நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்துப் பெண். கைக்குழந்தையாக இருந்தபோதே எங்கள் ஊர்க் கோயிலில் ஞானஸ்நானம் ஆயிற்று. பள்ளிப் பருவத்தில் திடப்படுத்தலும் பெற்றேன். கணவர் தூத்துக்குடி ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). மூன்று வருடத்துக்கு முன் மறைமாவட்டத்தில் அனுமதி வாங்கி, அவர்கள் பங்குக் கோயிலில் திருமணம் செய்தோம். இப்போது ஐந்து மாதத்தில் மகன் இருக்கிறான். ஞானஸ்நானப் பேச்சை எடுத்தாலே வீட்டில் சண்டை. “உன் ஞானஸ்நானமே செல்லாது, முதலில் நீ எங்கள் சாமியாரிடம் வாங்கு, அப்புறம் பிள்ளைக்குப் பார்க்கலாம்” என்கிறார் அத்தை. அப்பாவுக்கோ எங்கள் குடும்பம் தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்ற கோயிலில்தான் பேரனுக்கும் நடக்க வேண்டும். அக்கா சென்னையில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டாள். “குழந்தைக்குத் தெளிக்கிறது வேதத்திலேயே இல்லை, அவன் வளர்ந்து தானாகக் கேட்கட்டும்” என்கிறாள். இரண்டு கோயிலிலும் ஒவ்வொரு தடவை கொடுத்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடாதா என்கிறார் கணவர். என் அண்ணன் ஞானத்தகப்பனாக நிற்கலாமா? தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கையில் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயமும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஞானஸ்நானம் செல்லும். இன்னொரு முறை நீங்கள் பெற வேண்டியதில்லை, பெறவும் கூடாது. மகனுக்கு இரண்டு கோயிலில் இரண்டு முறை கொடுக்கவும் கூடாது. அண்ணன் நிற்கலாம், ஆனால் தனியாக நிற்க முடியாது. இது கத்தோலிக்கத் திருச்சபையின் எழுதப்பட்ட சட்டம். ஒருமுறை முறையாகப் பெற்ற ஞானஸ்நானத்தைத் திரும்பக் கொடுக்கக் கூடாது என்பதில் சி.எஸ்.ஐ.யும் இதே பக்கம்தான் நிற்கிறது. வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்பதால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அத்தை சொல்வதை முதலில் பார்ப்போம். ஒரு ஞானஸ்நானம் செல்லுமா என்று ஆராயும்போது கத்தோலிக்கச் சட்டம் கேட்பது மூன்று காரியங்கள். உண்மையான தண்ணீர் பட்டதா? தண்ணீர் விடும்போதே, விட்டவர் வாயாலேயே, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் என்ற வார்த்தைகள் சொல்லப்பட்டனவா? திருச்சபை எதைச் செய்கிறதோ அதைச் செய்யும் எண்ணம் அவருக்கு இருந்ததா? கொடுத்தவர் எந்தச் சபை, அவருடைய குருப்பட்டத்தை ரோமாபுரி ஏற்கிறதா, அவர் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. சி.எஸ்.ஐ. ஆராதனை முறையில் ஐயர், அதாவது சபைப் போதகர், குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று சொல்லித் தண்ணீர் விடுகிறார். கேட்ட மூன்றும் அதில் இருக்கின்றன.

“எண்ணெய் பூசவில்லையே, மெழுகுவர்த்தி கொடுக்கவில்லையே” என்று அத்தை கேட்கக் கூடும். ஆர்.சி. கோயிலில் ஆயத்த எண்ணெய், கிறிஸ்மா என்னும் பரிமளத் தைலம், வெள்ளை உடை, பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தி எல்லாம் உண்டு. எல்லாம் அர்த்தம் நிறைந்தவை. ஆனால் ஞானஸ்நானம் செல்லுவதும் செல்லாததும் அவற்றைச் சார்ந்ததில்லை. ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குக் கொடுக்கும்போது கத்தோலிக்கர்களே அவை இல்லாமல்தான் கொடுக்கிறார்கள்.

பிரிந்த சபையின் ஞானஸ்நானத்தை ஏற்பது இந்தக் காலத்து ஒற்றுமைப் பேச்சால் வந்த தளர்வு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது மிகப் பழைய முடிவு. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், திருச்சபைக்கு வெளியே கொடுத்தது ஞானஸ்நானமே இல்லை என்றார். 256-இல் அங்கே கூடிய ஆயர்கள் அவரோடு நின்றார்கள். உரோமை ஆயரான முதலாம் ஸ்தேவான் அதை ஏற்கவில்லை. வெளியே ஞானஸ்நானம் பெற்று வருகிறவர்கள்மேல் கை வைத்து ஜெபித்துச் சேர்த்துக்கொண்டால் போதும் என்றார். 314-இல் ஆர்ல் சங்கம், திரித்துவத்தின் பெயரால் பெற்றவருக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தது. பிறகு அகுஸ்தீன், ஞானஸ்நானம் கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் உண்மையில் கொடுப்பவர் கிறிஸ்துவே என்று விளக்கி அந்த வாதத்தை முடித்து வைத்தார். புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் வழியினரோடு சண்டை உச்சத்தில் இருந்த 1547 மார்ச்சில், கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான திரிதெந்தின் சங்கமும் இதை மாற்றவில்லை. பதிதர், அதாவது திருச்சபைப் போதனையை மறுத்துப் பிரிந்தவர், கொடுத்தாலும், திரித்துவத்தின் பெயரால், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு கொடுத்தால் அது மெய்யான ஞானஸ்நானமே என்றும், இல்லை என்பவன் சபிக்கப்பட்டவன் என்றும் எழுதி வைத்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதையே நடைமுறையாக எழுதுகிறது: வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவருக்கு, அது நடந்த விதத்தைப் பரிசோதித்து, சந்தேகப்படக் கனமான காரணம் இருந்தால் ஒழிய, நிபந்தனையோடுகூடக் கொடுக்கக் கூடாது (எண் 869).

இன்னொன்றையும் அத்தையிடம் பணிவாகச் சொல்லலாம். உங்கள் திருமணத்துக்கு மறைமாவட்டம் கொடுத்தது கலப்புத் திருமண அனுமதி. ஞானஸ்நானம் பெற்ற ஒரு கத்தோலிக்கரும் ஞானஸ்நானம் பெற்ற வேறு சபையாரும் மணம் முடிக்கும்போது கொடுப்பது அது. ஞானஸ்நானமே பெறாதவரை ஒரு கத்தோலிக்கர் மணப்பதானால் வெறும் அனுமதி போதாது, மத வேறுபாடு என்ற தடையிலிருந்து விலக்கு வேண்டும். அது இல்லாமல் நடக்கும் திருமணம் திருச்சபைச் சட்டப்படி செல்லாது (எண் 1086). ஆகவே உங்கள் ஞானஸ்நானம் செல்லாது என்று அத்தை சொல்வது, அவரை அறியாமலே, தம் மகனின் திருமணத்தையே கேள்விக்குள்ளாக்குகிறது. அவருடைய பங்குச்சாமியார் அன்றைக்கே உங்கள் சான்றிதழைப் பார்த்து ஏற்றுக்கொண்டுவிட்டார். இதை அவர் வாயாலேயே அத்தைக்குச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் எதிர்ப்பேச்சாகத் தெரியும்.

சந்தேகத்துக்கு இடமுள்ள நேரங்களும் உண்டு. சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது முழுக்குவதையும் ஊற்றுவதையும் மட்டுமே. விரலை நனைத்து உதறியதில் தண்ணீர் தலைமுடியில் தங்கி, தோலில் ஓடாமல் போயிருந்தால் சிக்கல். ஒருவர் தண்ணீர் விட இன்னொருவர் வார்த்தை சொன்னாலும் சிக்கல். வார்த்தையை மாற்றினால் செல்லவே செல்லாது: படைத்தவர், மீட்டவர், பரிசுத்தமாக்குகிறவர் பெயரால் கொடுத்தது செல்லாது என்று 2008-லும், “நான்” என்பதற்குப் பதில் “நாங்கள் ஞானஸ்நானம் கொடுக்கிறோம்” என்று கொடுத்தது செல்லாது என்று 2020-லும் வத்திக்கான் தீர்ப்பளித்தது. இந்த இரண்டாவது தீர்ப்பு கத்தோலிக்கக் குருக்கள் கொடுத்ததையும் பாதித்தது. இதில் சட்டம் தன் ஆட்கள், பிற ஆட்கள் என்று பார்க்கவில்லை.

சி.எஸ்.ஐ., தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை, மெதடிஸ்ட் போன்ற சபைகளின் ஞானஸ்நானத்தில் பொதுவாகக் கேள்வி எழுவதில்லை. “இயேசுவின் நாமத்தில் மட்டும்” என்று கொடுக்கும் சில பெந்தெகொஸ்தே சபைகளின் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. திரித்துவ வார்த்தையோடு கொடுக்கும் பெந்தெகொஸ்தே சபைகளினுடையதை ஏற்கும். மார்மன் சபையாரின் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-இல் அறிவிக்கப்பட்டது. வார்த்தை ஒன்றாக இருந்தாலும் திரித்துவத்தைப் பற்றிய அவர்கள் நம்பிக்கை அடிப்படையிலேயே வேறு என்பது காரணம். யெகோவாவின் சாட்சிகளுடையதும் ஏற்கப்படுவதில்லை. நாகர்கோவில் வட்டாரத்தில் உள்ளவர்கள் மறக்கக் கூடாத ஒன்று: இரட்சணிய சேனையில் (சால்வேஷன் ஆர்மி) தண்ணீர் ஞானஸ்நானமே கிடையாது. அங்கே பிறந்து வளர்ந்த பெண்ணோ பையனோ கத்தோலிக்கரை மணக்கும்போது கிறிஸ்தவப் பெயரைப் பார்த்துவிட்டுக் கலப்புத் திருமண அனுமதியோடு நிறுத்திவிட்டால் தவறாகிவிடும். அங்கே தேவைப்படுவது மேலே சொன்ன விலக்கு.

ஞானஸ்நானம் நடந்ததா என்று தெரியாமல் உண்மையான சந்தேகம் வந்தால், “நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால்” என்று தொடங்கி நிபந்தனையோடு கொடுப்பார்கள். அதையும் ஊரறிய நடத்தாமல் தனியாக நடத்த வேண்டும் என்பது நெறிமுறை. உங்களுக்கு அது வேண்டியதில்லை. உங்கள் சி.எஸ்.ஐ. சபைப் போதகரான சேகரகுருவிடம் உங்கள் ஞானஸ்நானச் சான்றிதழின் புதுப் பிரதி வாங்குங்கள். அதில் தேதி, கோயில், கொடுத்தவர் பெயர் இருக்கும். திரித்துவ வார்த்தையும் தண்ணீர் விட்ட விதமும் பெரும்பாலும் இருக்காது. “தண்ணீர் ஊற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுக்கப்பட்டது” என்று சபைத் தாளில் ஒரு வரி எழுதி முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்கள். பதிவேடு அழிந்துபோனவர்களுக்கும் வழி இருக்கிறது: நேரில் பார்த்த நம்பகமான ஒரே சாட்சி சொன்னால் போதும் (எண் 876).

திடப்படுத்தல் வேறு கதை. நீங்கள் ஒருநாள் உங்கள் விருப்பத்தோடு கத்தோலிக்க சபையில் சேர முடிவு செய்தால் ஞானஸ்நானம் திரும்பக் கொடுக்க மாட்டார்கள். விசுவாச அறிக்கை சொல்லி, உறுதிப்பூசுதலும் (திடப்படுத்தலுக்கு ஆர்.சி.யில் உள்ள பெயர்) நற்கருணையும் பெறுவீர்கள். சி.எஸ்.ஐ. பேராயர் கொடுத்த திடப்படுத்தலை அவர்கள் அருட்சாதனமாகக் கணக்கில் எடுப்பதில்லை, ஏனென்றால் ஆங்கிலிக்கன் வழிவந்த குருப்பட்டங்களை 1896-இல் ரோமாபுரி மறுத்துவிட்டது. சேர வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மகனின் ஞானஸ்நானத்துக்கு அது நிபந்தனையும் இல்லை.

அப்படியானால் ஆர்.சி.க்கும் நமக்கும் என்னதான் வித்தியாசம் என்று கேட்பீர்கள். தண்ணீரிலும் வார்த்தையிலும் இல்லை. அது என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. கத்தோலிக்கப் போதனைப்படி ஞானஸ்நானம் ஜென்மப் பாவத்தையும் அதுவரை செய்த பாவங்களையும் உண்மையாகவே நீக்கி, ஆளைப் புதிதாகப் பிறப்பித்து, ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கிறது. அதனால்தான் அதைத் திரும்பக் கொடுக்க முடியாது. கொடுப்பவரின் தகுதியைப் பொறுத்து அருள் கூடுவதும் குறைவதும் இல்லை. ‘அப்படியானால் மந்திரம்போல் தானாக வேலை செய்கிறதா’ என்று நம் பக்கத்தார் கேட்பதுண்டு. பெறுகிறவர் தடையாக நிற்காமல் விசுவாசத்தில் வளர்ந்தால்தான் அது பலன் தரும் என்பதையும் கத்தோலிக்கம் சேர்த்தே போதிக்கிறது. வீட்டுச் சண்டையில் அந்தப் பாதி காணாமல் போகிறது.

லூத்தர் இதற்கு மிக அருகில் நிற்கிறார். ஞானஸ்நானம் பாவமன்னிப்பைத் தருகிறது, மரணத்திலிருந்து விடுவிக்கிறது என்றே 1529-ஆம் ஆண்டுச் சிறிய ஞானோபதேசத்தில் எழுதினார். அவர் பிரிந்தது வேறோர் இடத்தில். ஞானஸ்நானத்துக்குப் பிறகும் மனதில் மிஞ்சும் இச்சை பாவம்தான், தேவன் அதைக் கணக்கில் வைக்காமல் விடுகிறார் என்றார். அது பாவத்துக்கு இழுக்கும் சாய்வே ஒழிய சரியான அர்த்தத்தில் பாவம் ஆகாது என்று 1546-இல் திரிதெந்தின் மறுத்தது. கால்வின் வழியினர் ஞானஸ்நானத்தை உடன்படிக்கையின் அடையாளமாகவும் முத்திரையாகவும் பார்க்கிறார்கள். பழைய ஏற்பாட்டில் விருத்தசேதனம் எட்டு நாள் குழந்தைக்கு என்றால் இதுவும் விசுவாசிகளின் குழந்தைக்கு உரியது என்பது அவர்கள் வாதம். அதன் பலன் தண்ணீர் விடும் அந்த நேரத்தோடு கட்டுப்பட்டதில்லை என்று 1640-களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை சொல்கிறது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் மரபுகள் 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் ஒன்றாகி உருவான சபை சி.எஸ்.ஐ.; ஆகவே உங்கள் சபைக்குள்ளேயே இந்தப் பார்வைகள் ஒன்றுக்கு மேல் உண்டு. குழந்தை ஞானஸ்நானமும், விசுவாச அறிக்கை சொல்லும் வயதில் பெறும் ஞானஸ்நானமும் இரண்டும் அங்கே இடம்பெறுகின்றன.

உண்மையான பிளவு ஆர்.சி.க்கும் சி.எஸ்.ஐ.க்கும் நடுவில் இல்லை. உங்கள் அக்கா நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது. 1525 ஜனவரியில் சூரிக் நகரில் சிலர், குழந்தையில் பெற்றது ஞானஸ்நானமே இல்லை என்று சொல்லி வயது வந்தபின் பெற்றார்கள். அன்றைக்கு அவர்களை எதிர்த்ததில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் சூரிக் சீர்திருத்தவாதி சுவிங்கிலியும் ஒரே அணி. அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527-இல் அந்த நகரத்துப் புரொட்டஸ்டன்ட் ஆட்சியே ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது. இந்தக் கொடுமையை நினைவில் வைத்து அக்காவிடம் மரியாதையாகப் பேசுங்கள். அவர்கள் மரபு இரத்தம் சிந்தி வந்த மரபு.

அக்காவின் வாதம் எளிதாகத் தள்ளிவிடக் கூடியதும் இல்லை. மாற்கு 16:16-இல் விசுவாசம் முதலில் வருகிறது, ஞானஸ்நானம் பிறகு. எத்தியோப்பிய மந்திரி கேட்டுத்தான் பெற்றார் (அப்போஸ்தலர் 8). கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுவதாக ரோமர் 6-இல் பவுல் சொல்வது முழுக்குக்கு அழகாகப் பொருந்துகிறது. இந்தப் பக்கத்திலோ லீதியாளும் அவள் வீட்டாரும், சிறைச்சாலைக்காரனும் அவனுடையவர்கள் அனைவரும் (அப்போஸ்தலர் 16), ஸ்தேவானுடைய வீட்டார் (1 கொரிந்தியர் 1:16) என்று வீடு வீடாகப் பெற்றதாக இருக்கிறது. வாக்குத்தத்தம் உங்கள் பிள்ளைகளுக்கும் உண்டு என்று பேதுரு சொல்கிறார் (அப்போஸ்தலர் 2:39). அந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்தது என்றும் எழுதியில்லை, இல்லை என்றும் எழுதியில்லை. ஏறக்குறைய 200-ஆம் ஆண்டில் தெர்த்துல்லியன் குழந்தைகளுக்குத் தள்ளிப் போடுங்கள் என்று எழுதினார். தள்ளிப் போடச் சொன்னதிலிருந்தே அன்றைக்குக் கொடுத்துவந்தார்கள் என்பது தெரிகிறது. முழுக்கா ஊற்றலா என்பதில் அதற்கும் முந்தைய பதில் இருக்கிறது: ஓடும் தண்ணீரில் கொடு, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீரில், இரண்டும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்று தொடக்கத் திருச்சபையின் திதாக்கே என்னும் நூல் கூறுகிறது. கத்தோலிக்கச் சட்டம் இன்றும் முழுக்கை அனுமதிக்கிறது, கேட்டால் செய்யலாம். செய்யக் கூடாதது இரண்டாம் முறை.

அக்கா எடுத்த முழுக்கைப் பற்றி உங்கள் மனம் அலைய வேண்டாம். கத்தோலிக்க, சி.எஸ்.ஐ. பார்வையில் அவளுடைய முதல் ஞானஸ்நானம் அழியவில்லை. இரண்டாவது எதையும் கூட்டவில்லை. நீங்களும் பெரியவளாகி உணர்ந்து ஒன்றைச் செய்ய விரும்பினால், பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டருக்கு முந்திய இரவு வழிபாட்டில், ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பிக்கும் சடங்கு இருக்கிறது. கணவரோடு நின்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இரண்டு கோயிலிலும் கொடுத்துவிடலாம் என்ற கணவரின் யோசனை நல்ல மனதில் எழுந்தது, ஆனால் வேண்டவே வேண்டாம். இரண்டாவது இடத்தில் நடப்பது ஞானஸ்நானம் ஆகாது. முதலில் நடந்ததை மறைத்து ஒரு குருவையும் சபையையும் பொய்ச் சடங்கு செய்ய வைப்பதாகும். நடைமுறைக் கேடும் உண்டு. பாட்டி ஊரில் ஒரு பெயர், அப்பா ஊரில் ஒரு பெயர், இரண்டு பதிவேடு, இரண்டு தேதி. ஆர்.சி.யில் உறுதிப்பூசுதல், திருமணம், குருப்பட்டம் எல்லாம் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே குறிக்கப்படுகின்றன. இருபத்தைந்து வருடம் கழித்துத் திருமண அறிவிப்பு ஓலை வாசிக்கப் போகும்போது எந்தப் பதிவில் குறிப்பது என்று பையன் அலைவான்.

எங்கே கொடுப்பது? என் ஆலோசனை கணவரின் பங்குக் கோயில்தான். காரணம் அத்தை சொல்வது இல்லை. திருமணத்துக்கு முன் உங்கள் கணவர், பிள்ளைகளைக் கத்தோலிக்க சபையில் ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்கத் தன்னால் இயன்றதெல்லாம் செய்வேன் என்று வாக்குக் கொடுத்திருப்பார் (எண் 1125). அந்த வாக்கு அவருடையது. உங்களிடம் அதைச் சொல்லித் தெரியப்படுத்தும் கடமை மட்டுமே திருச்சபைக்கு உண்டு, உங்களிடம் வாக்கு வாங்குவதில்லை. தெரிந்தே திருமணத்துக்குச் சம்மதித்தீர்கள் என்பதை மனதில் வையுங்கள். அதோடு, பையன் வளரப்போகும் ஊரில் ஞாயிறுதோறும் கூட்டிப்போகவும் ஞானோபதேசம் படிக்க வைக்கவும் ஆள் இருக்கும் கோயிலில் கொடுப்பதுதான் அவனுக்கு நல்லது. இரண்டு பேரும் கலந்து பேசி மனச்சாட்சியோடு சி.எஸ்.ஐ. என்றே முடிவு செய்தாலும் ஞானஸ்நானம் முழுமையாகச் செல்லும். அந்த நிலையில் கணவர் உண்மையாக முயன்றும் முடியாமல் போயிருந்தால் அவர்மேல் தண்டனை விழாது என்று 1993-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ ஒன்றிப்பு வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. அவர் அக்கறையே இல்லாமல் விட்டுக்கொடுப்பது வேறு விஷயம்.

உங்கள் அப்பாவை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். ஒரே சடங்கில் இரண்டு சபைக் குருக்கள் சேர்ந்து ஞானஸ்நானம் கொடுக்க அனுமதி இல்லை. தண்ணீர் விடுவதும் வார்த்தை சொல்வதும் ஒருவரே. ஆனால் உங்கள் சேகரகுரு வந்து வேதவாசகம் வாசிக்கலாம், ஒரு ஜெபம் ஏறெடுக்கலாம். மறைமாவட்ட ஆயரின் அனுமதி வேண்டியிருக்கும் என்பதால் பங்குச்சாமியாரிடம் ஒரு மாதம் முன்னதாகக் கேளுங்கள். ஞானஸ்நானத்தைத் திருப்பலிக்குள் வைக்காமல் திருப்பலி முடிந்தபின் தனியாக வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தார் நற்கருணை வாங்க முடியாமல் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் சங்கடம் வராது.

அண்ணன் விஷயம்: ஆர்.சி. சட்டப்படி ஞானப்பெற்றோர் ஒருவர் போதும், அதிகபட்சம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பதினாறு வயது நிரம்பிய, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும், பெற்ற தாய் தகப்பனாக இருக்கக் கூடாது. வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம் (எண் 874). கணவரின் தங்கையோ சித்தியோ ஞானத்தாயாக நிற்க, அண்ணன் சாட்சியாக நிற்கட்டும். பதிவேட்டில் அவர் பெயரும் சாட்சி என்ற குறிப்போடு ஏற வேண்டும் என்று கேளுங்கள். சில இடங்களில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு அது மனக்கசப்பாகும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஐந்து மாதம் ஆகிவிட்டது என்று குற்ற உணர்வு வேண்டாம், ஆனால் இனி இழுக்காதீர்கள். பிறந்த முதல் சில வாரங்களுக்குள் கொடுக்கச் சொல்கிறது சட்டம். குழந்தைக்கு உயிராபத்து வந்தால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்: நீங்கள், அத்தை, இந்துவான நர்ஸ்கூட. திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் போதும். சாதாரணத் தண்ணீர் ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். பாலோ பன்னீரோ இளநீரோ எண்ணெயோ ஆகாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் நர்ஸிடம் கேட்டு, ஊசிபோடும் சிரிஞ்சில் சுத்திகரித்த தண்ணீர் எடுத்து, நெற்றித் தோலில் ஓடுமாறு சில சொட்டு விடுங்கள். விட்டுக்கொண்டே, விடுகிறவரே, குழந்தையின் பெயரைச் சொல்லி, “பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். மூன்று பெயருக்கும் மூன்று முறை விடுவது வழக்கம். பக்கத்தில் ஒரு சாட்சி இருக்கட்டும். பிள்ளை பிழைத்துவிட்டால் நாள், நேரம், கொடுத்தவர் பெயரைப் பங்குச்சாமியாரிடம் சொல்லிப் பதியுங்கள். எண்ணெய், வெள்ளை உடை, மெழுகுவர்த்திச் சடங்குகளைக் கோயிலில் நிறைவு செய்வார்கள். தண்ணீர் மறுபடி கிடையாது.

ஞானஸ்நானம் பெறாமல் ஒரு குழந்தை இறந்தால் நரகம் என்று அத்தையின் தலைமுறையில் பயமுறுத்தியிருப்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபை இன்று அப்படிப் போதிப்பதில்லை. இரட்சிப்பை ஞானஸ்நானத்தோடு கடவுள் கட்டியிருக்கிறார், ஆனால் அவர் தம் அருட்சாதனங்களால் கட்டுப்பட்டவர் அல்ல என்பது அதன் மறைக்கல்விப் போதனை. அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பக் கனமான காரணங்கள் உண்டு என்று பன்னாட்டு இறையியல் குழு 2007-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. கொடுக்க நினைத்திருந்து முடியாமல் போன பெற்றோரின் குழந்தைக்கு ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கச் சடங்கும் உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியது: சேகரகுருவிடம் அந்த ஒரு வரிக் கடிதம் வாங்குங்கள். கணவரும் நீங்களும் மட்டும், பெரியவர்கள் இல்லாமல், பங்குச்சாமியாரைப் போய்ப் பாருங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழ், ஞானப்பெற்றோரின் உறுதிப்பூசுதல் சான்று கையில் இருக்கட்டும். பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் ஆயத்த வகுப்பு வைப்பார்கள்; அண்ணனையும் அழைத்துப் போங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கூட்டலும் அப்படியே ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறுகிறதா என்று கையெழுத்துப் போடும் முன் நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.